போட்டா எவ்வளவு வரும், அக்கா?

யூனிட் டிரஸ்ட் விற்கிறவளின் கார், எங்கள் பேச்சில் காடி, ஒரு குடியிருப்புத் தாமானுக்குள் நுழைந்தால், அங்கே இருக்கும் ஆண்களுக்கெல்லாம் உடனே குளிக்க வேண்டும் என்று தோன்றிவிடும். "அவரு குளிக்கிறாரு" என்று வாசலிலேயே பதில் வரும். "பரவாயில்லை, இருக்கேன்" என்று நான் உட்கார்ந்துவிடுவேன். அரை மணி நேரம் கழித்து, தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மனுஷர் வெளியே வருவார். வீடு வீடாகப் போய் எதையாவது விற்று வயிறு கழுவியவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

நான் விற்பது மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினால் அந்தக் கம்பெனியில் ஒரு சின்னத் துண்டு நமக்குச் சொந்தம். கம்பெனி சம்பாதித்தால் நமக்கும் வரும், நொடித்தால் நமக்கும் அடி. எது நல்ல கம்பெனி என்று பார்த்துப் பார்த்து வாங்க எல்லாருக்கும் நேரமும் இல்லை, விவரமும் இல்லை. அதனால் பல பேர் போடும் காசை ஒன்றாகச் சேர்த்து, அதற்கென்று ஓர் ஆளை வைத்து, பல கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைக்கிறார்கள். அதுதான் யூனிட் டிரஸ்ட். லிங்கி, சுவா, சி ரூசா என்று எங்கள் பக்கத்து ஊர்களைச் சுற்றிச் சுற்றி எத்தனையோ வீட்டு ஹாலில் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்டு முடித்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: போட்டா எவ்வளவு வரும்? அதற்கு நான் வாயைத் திறந்தபிறகு நடந்தவற்றில் சிலவற்றை இங்கே சொல்கிறேன். ஆள்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சனிக்கிழமை மழை

சி ரூசா கடற்கரைச் சாலையோரம் முனியாண்டி அண்ணன் வடைக்கடை போட்டிருக்கிறார். தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். தோள்பட்டை போனபிறகு மனைவியோடு சேர்ந்து இந்தக் கடையை ஆரம்பித்தார். சனி ஞாயிறுகளில் கோலாலம்பூரிலிருந்து கடல் குளிக்க வருகிற குடும்பங்களை நம்பித்தான் பிழைப்பு. நான் சொன்னதையெல்லாம் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டவர், "அதெல்லாம் சரி தங்கச்சி, உறுதியா எவ்வளவு வரும்? அதைச் சொல்லு" என்றார். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் இறங்கும், ரொம்ப வருஷம் விட்டுவைத்தால் பேங்க் வட்டியைவிட நன்றாக வரலாம், ஆனால் வரும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றேன். "என்னா இது, விக்க வந்தவளே இப்படிச் சொல்றே!" என்று சிரித்தார்.

நான் விடவில்லை. "வர்ற சனிக்கிழமை எத்தனை வடை விக்கும்? உறுதியா சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். "அது எப்படிச் சொல்றது? மழை பேஞ்சா ஈகூட வராது" என்றார். "மழை பேயும்னு கடையை மூடிட்டீங்களா? எல்லா சனிக்கிழமையும் மழை பேயாதுன்னுதானே மாவு அரைக்கிறீங்க? பங்குச் சந்தையும் அப்படித்தான்" என்றேன். எனக்கே என் பேச்சு பிடித்துப்போய்விட்டது. பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவிகூடத் தலையாட்டினார். அண்ணன் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிற்பாடு அவர் மாசாமாசம் ஒரு சின்னத் தொகை போடத் தொடங்கினார், இன்றைக்கும் போடுகிறார். ஆனால் அன்றைக்கு அவர் திருப்பிக் கேட்டது இது. "மழை பேஞ்சா எனக்கு மாவுதானே நட்டம், அதையும் நாங்களே தின்னுருவோம். உன் கடையில மழை பேஞ்சா எதைத் திங்கிறது?"

ஒரே ஓர் ஆள் கேட்டது

லிங்கியில் மாணிக்கம் என்று ஒருவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லாரும் எவ்வளவு வரும் என்று கேட்பார்கள். எவ்வளவு போகும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். மூன்றாம் தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னை உட்காரவைத்துக் கோப்பி கொடுத்து, நிதானமாக, "தங்கச்சி, இதுல உனக்கு எவ்வளவு?" என்றார். ஒளிக்காமல் சொன்னேன். நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட், போட்டால் ஆரம்பத்திலேயே அஞ்சு வெள்ளிக்குப் பக்கமாகச் சேவைக் கட்டணம் கழிந்துவிடும், அதில் ஒரு பங்கு எனக்கு வரும். அதுபோக நிதியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வருஷாவருஷம் ஒரு கட்டணம். கண்ணுக்குத் தெரியாமல் போகும், ஆனால் போகும். அதனால்தான் இன்றைக்குப் போட்டு நாளைக்கு எடுக்கிறவர்களுக்கு இது ஆகாது என்றும் சொன்னேன்.

கேட்டுவிட்டு மனுஷர் கோப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்தார். சரி, இந்த வீடு போச்சு என்று நினைத்துக்கொண்டு பையை எடுத்தேன். அவர் சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியிடம் இன்னொரு கோப்பி கலக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ மூணு வாட்டி வந்து கோப்பி குடிச்சிருக்கே. அதுக்கு நானும் ஒரு சார்ஜ் போட்டுக்கட்டுமா?"

தூங்குகிற காசு

சுரேஷ் லோரி ஓட்டுகிறவன். சுவாவில் மனைவி விமலாவோடும் கைக்குழந்தையோடும் வாடகை வீட்டில் இருந்தான். கூட லோரி ஓட்டும் கூட்டாளி ஒருவன் கைப்பேசியில் பங்கு வாங்கி விற்று நல்ல லாபம் பார்த்திருக்கிறான். அதைப் பார்த்ததிலிருந்து சுரேஷுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த மொத்தக் காசையும் என்னிடம் எடுத்துக்கொண்டு வந்து, "எல்லாத்தையும் போட்டுருங்கக்கா" என்றான். வேறு முகவர் என்றால் வாங்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டிருப்பார். நான் முதலில் வீட்டுச் செலவு என்ன என்று விமலாவிடம் கேட்டேன். அந்தச் செலவில் ஆறு மாசத்துக்கு ஆகிற தொகையை பேங்கிலேயே போட்டுவை, அதைத் தொடாதே, மிச்சத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் மிச்சம் கொஞ்சம்தான் நின்றது. சுரேஷ் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும், பஸார் மாலாம் இரவுச் சந்தையில் பார்த்தாலும், "அக்கா, என் காசு பேங்க்ல நல்லாத் தூங்குது" என்பான். பங்கு விலை ஏறுகிற நாளில் இன்னும் சத்தமாகச் சொல்வான்.

அடுத்த வருஷம் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது ஒரு காடி வந்து இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, மாசக்கணக்கில் லோரி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் வேலை பார்த்த இடத்தில் பயணத்துக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். ஓட்டவில்லை என்றால் ஒன்றுமில்லை. சொக்சோ தொழிலாளர் காப்பீடு மாதிரி ஏதாவது வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். வந்தது, ஆனால் அலைந்து திரிந்து வருவதற்குள் பல மாசம் ஓடிவிட்டது. அதுவரைக்கும் வாடகையும் பால்மாவும் அந்த பேங்க் காசிலிருந்துதான் போனது. நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது, ஹாலில் மெத்தையைப் போட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துப் படுத்திருந்தான். நான் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. அவனேதான் ஆரம்பித்தான். "தூங்கிட்டு இருந்த காசு எந்திரிச்சு வந்து சோறு போடுதுக்கா. இப்ப நான்தான் தூங்கிட்டு இருக்கேன்."

கையுறை

கோவிட் காலத்தில் கையுறைக் கம்பெனிகளின் பங்கு ஏறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கத்துப் பையன் மணி, சிரம்பானுக்கு அந்தப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வேலை பார்க்கிற கம்பெனியின் பங்கையே வாங்கினான். முதலில் கொஞ்சம், ஏற ஏற இன்னும் கொஞ்சம், கடைசியில் ஓவர்டைம் காசு முழுவதையும். கேன்டீனில் அவனைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். அவன் அம்மாவே என்னிடம், "இவன் உன் வேலையைப் புடுங்கிருவான் போலிருக்கு" என்றார். எனக்கும் சிரிப்புதான். ஆனாலும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, சம்பளமும் அந்தக் கம்பெனிதான், சேமிப்பும் அந்தக் கம்பெனிதான். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு கையும் ஒரே நேரத்துல போயிரும். பாதியையாவது வித்து வேற இடத்துல பிரிச்சுப் போடு" என்றேன். "உள்ள இருக்கிற ஆளு நான், அக்கா. எனக்குத் தெரியாததா?" என்றான்.

விலை இறங்க ஆரம்பித்தது. மறுபடி ஏறும் என்று வைத்திருந்தான். இன்னும் இறங்கியது. அதே சமயத்தில் தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்தினார்கள், பிறகு வேலை நாள்களையும் குறைத்தார்கள். அவனைக் கேட்டுப் பங்கு வாங்கிய கூட்டாளிகள் முகத்தில் விழிக்க முடியாமல், சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போகாமல் மோட்டார் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதாக அவன் அம்மா சொல்லி அழுதார். நான் போய்ப் பேசினேன். போனது போகட்டும், இருக்கிறதை என்ன செய்யலாம் என்று பார்த்தோம். ஒரு பாதியை விற்றான். எழுந்து போகும்போது வாசலில் நின்று அவன் சொன்னதுதான் இப்போதும் காதில் நிற்கிறது. "அந்தக் கையுறையைப் பெட்டியில அடுக்கினதே நான்தான்க்கா. விக்காம ஸ்டோர்ல குமிஞ்சு கிடக்குதுன்னு எனக்குத்தானே முதல்ல தெரியும்?"

இரண்டு ரகசியம்

சரஸ்வதி கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவர். ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து, மகளை நர்சிங் படிக்கவைக்க மாசாமாசம் கொஞ்சம் போட வேண்டும் என்றார். நிபந்தனை ஒன்று. "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா காடியை மாத்துவோம்பாரு." சரி என்றேன். சில மாசம் கழித்து அவர் கணவர் குமார், கடற்கரை ஓட்டல் ஒன்றில் தோட்டவேலை பார்ப்பவர், என்னைத் தேடி வந்தார். மகள் படிப்புக்குப் போட வேண்டுமாம். "சரசுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவ தம்பி கல்யாணத்துக்குத் தூக்கிக் குடுத்துருவா." வாடிக்கையாளர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம். அதனால் இரண்டு பேர் ரகசியத்தையும் சுமந்துகொண்டு திரிந்தேன். கோயில் திருவிழாவில் அவர்கள் ஜோடியாக எதிரே வந்தால், இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சுவார்கள். அன்னதான வரிசையை விட்டே விலகிப் போயிருக்கிறேன்.

இதில் எனக்கு ஒரு கவலை இருந்தது. மகள் மேல்படிப்புக்குப் போக அதிக நாள் இல்லை. கிட்டத்தில் தேவைப்படும் காசைப் பங்குச் சந்தையில் விட்டுவைப்பது ஆபத்து. தேவைப்படுகிற மாசத்தில் சந்தை இறங்கியிருந்தால் நட்டத்துக்குத்தான் விற்க வேண்டும். ரெண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்தால் பாதியைப் பத்திரமான இடத்துக்கு மாற்றலாம். எப்படி உட்காரவைப்பது? ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, டவுனில் இருக்கும் என் ஆபீசுக்கு வரச் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டேன். தெரிந்து கொடுத்தாயா, தெரியாமல் கொடுத்தாயா என்று கேட்காதீர்கள். குமார் அண்ணன் முதலில் வந்து உட்கார்ந்தார். கதவைத் திறந்துகொண்டு சரசு அக்கா வந்தார். அவர் இவரைப் பார்க்க, இவர் அவரைப் பார்க்க, நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். குமார் அண்ணன் எழுந்து நின்று, "பாப்பா படிப்புக்கு" என்றார். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, ரெண்டு பேரும் காசைத்தான் மறைச்சோம்."

மாசம் பத்து விழுக்காடு

லெட்சுமி அக்கா வேலை பார்த்த தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியே காலத்தைக் கழித்தவர். கணவர் எப்போதோ இறந்துவிட்டார். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்ததற்கு ஓர் இழப்பீடு கிடைத்தது. அவர் வாழ்க்கையில் மொத்தமாகக் கையில் பார்த்த காசு அதுதான். அந்தச் சமயத்தில் அவர் தம்பி ரவி கைப்பேசியில் ஒரு திட்டத்தோடு வந்தான். வெளிநாட்டுப் பணத்தை வாங்கி விற்கிறார்களாம், மாசம் பத்து விழுக்காடு உறுதியாம். ரவி கெட்டவன் இல்லை. ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் நாற்காலி தூக்கிப் போடுகிறவன். தானே முதலில் காசு போட்டு, இரண்டு மாசம் லாபம் எடுத்து, புது மோட்டார் வாங்கியிருந்தான். பேசவே வேண்டியதில்லை, மோட்டாரே பேசியது, அக்காவும் முதலில் கொஞ்சம் போட்டுவிட்டார்.

நான் போய்ச் சொன்னேன். உறுதி என்ற வார்த்தையும் மாசம் பத்து என்ற வார்த்தையும் ஒன்றாக வந்தால் எழுந்து போய்விட வேண்டும், பின்னால் வருகிறவன் காசை எடுத்து முன்னால் வந்தவனுக்கு லாபம் என்று கொடுக்கிறார்கள், ஆள் வருவது நின்றால் காசும் நின்றுவிடும், இந்த மாதிரித் தொழில் செய்ய அரசாங்கத்தின் உரிமம் வேண்டும், இவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள் என்றேன். ரவி சிரித்துக்கொண்டே, "அக்காவுக்கு கமிஷன் போயிருமேன்னு பயம்லா" என்றான். லெட்சுமி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அது சுட்டது. எனக்கு கமிஷன் வரும் என்பது உண்மைதானே. "என்கிட்ட போட வேணாம்க்கா. பேங்க்லயே போட்டு வைங்க. இவன்கிட்ட கொஞ்சம் போட்டிருக்கீங்கள்ல, அதை அசலோட மொத்தமா ஒரு வாட்டி எடுத்துக் கையில வாங்கிப் பாருங்க. வந்துச்சுன்னா மறுபடி போடுங்க, நான் வாயைத் திறக்கலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அக்கா அப்படியே ரவியிடம் கேட்டிருக்கிறார். ரவியும் உடனே காசைத் திருப்பித் தரச் சொல்லிக் கைப்பேசியில் தட்டினான். வந்துவிடும் என்று பதில் வந்தது. அப்புறம் ஏதோ கோளாறு, சரிசெய்கிறோம் என்று வந்தது. அப்புறம், எடுக்க வேண்டுமென்றால் முதலில் வரி கட்ட வேண்டும் என்று வந்தது. "என் காசை நான் எடுக்கிறதுக்கு நான் காசு கட்டணுமா?" என்று கேட்ட லெட்சுமி அக்கா அதோடு நிறுத்திக்கொண்டார். ரவி அந்த வரியையும் கட்டினான், கடன் வாங்கி.

கொஞ்ச நாளில் அந்தத் திட்டம் கைப்பேசியில் திறக்கவே இல்லை. ரவி தன் காசை மட்டும் போடவில்லை. நம்பிக் கொடுத்த கூட்டாளிகள் காசும் அதில் இருந்தது. வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு நாள் மத்தியானம் லெட்சுமி அக்கா எனக்கு போன் செய்தார். காலையிலிருந்து ரவியைக் காணோம், கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார். காடியை எடுத்துக்கொண்டு போனேன். தெரிந்த இடமெல்லாம் தேடினோம். லிங்கி ஆற்றுப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அங்கே போகிற வழியெல்லாம் அக்கா ஆற்றங்கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். எதற்குப் பயப்படுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மீன் பிடிக்கிறவர்கள் நிற்கும் பலகை மேடையில் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அக்கா ஓடவில்லை. மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும்தானேக்கா ஏமாந்தேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்" என்று அவர் மடியில் விழுந்து அழுதான். மறுநாள் கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுத்தோம். காசு இன்றுவரை வரவில்லை. அவன் இப்போது இரண்டு வேலை பார்த்துக் கூட்டாளிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறான், மனைவியும் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் அன்றைக்கு அந்த மேடையில் லெட்சுமி அக்கா அவனை எழுப்பி, செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிட்டுச் சொன்னது இது. "வாடா வீட்டுக்கு. நம்ம வீட்டுல மாசம் பத்து விழுக்காடெல்லாம் கிடையாது. ஆனா எப்ப வந்து கேட்டாலும் சோறு எடுத்துக்கலாம்."

டீச்சர் வாங்கியது

தெரேசா டீச்சர் என்னிடம் முதலீடு செய்தவர்களிலேயே விவரமானவர். தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். விலை இறங்கும்போது விற்றால்தான் நட்டம் உறுதியாகிறது, பொறுத்திருந்தால் திரும்ப ஏற வாய்ப்பு உண்டு என்பதையெல்லாம் அவருக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. அவரே சக ஆசிரியர்களுக்குச் சொல்வார். கோவிட் ஆரம்பித்து நாடு அடைபட்ட நேரத்தில் சந்தை மளமளவென்று சரிந்தது. என் கைப்பேசி ஓயவில்லை. தெரேசா டீச்சரும் கூப்பிட்டார். "கலா, எல்லாத்தையும் வித்துடு." எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் சொன்னேன். இப்போது விற்பது கிணற்றில் போடுகிற மாதிரி என்றேன், ஒரு மாசம் பொறுங்கள் என்றேன். "வித்துடும்மா" என்று மறுபடி சொன்னார். குரலை உயர்த்தக்கூட இல்லை. விற்றுக் கொடுத்தேன். படித்தவர்களே இப்படி என்று வீட்டில் கோபமாகப் பேசியது உண்மை.

அவர் கணவர் அந்த வாரம் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பார்க்கப் போகக்கூட விடவில்லை. காலையிலும் மாலையிலும் நர்ஸ் போன் செய்து உயிர்க்காற்று அளவு எவ்வளவு என்று ஒரு எண் சொல்வாராம். அந்த எண் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கணவர் பிழைத்து வந்தார். சந்தையும் சில மாசத்தில் எழுந்துவிட்டது. டீச்சருக்கு நல்ல நட்டம். அதற்குப் பிறகு வந்த கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டு விருந்துக்குப் போனேன். கணவர் கேக் வெட்டி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் மெலிந்திருந்தார். மனசு கேட்காமல் சமையலறையில் டீச்சரிடம், "அன்னைக்கு ஏன் டீச்சர் அவ்வளவு அவசரப்பட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். இப்போதெல்லாம் புதிதாக யாராவது சேர வந்தால், சம்பளம் என்ன என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு இறங்கினால் உங்களால் தாங்க முடியும் என்று கேட்கிறேன். அப்படிக் கேட்கவைத்தது டீச்சர் அன்றைக்குச் சொன்ன பதில்தான். "இறங்குற நம்பர் ரெண்டை ஒரே நேரத்துல என்னால பார்க்க முடியலை, கலா. அந்த வாரம் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வேண்டியிருந்துச்சு, அதைத்தான் வாங்கினேன். விலைதான் ஜாஸ்தி."

சந்தை இறங்கினால் பதறாதீர்கள், பதறாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு இரத்தக் கொதிப்பு வந்ததுதான் மிச்சம், அதற்குச் சாப்பிடுகிற மாத்திரை மட்டும் ஏறின விலையிலிருந்து ஒரு தடவைகூட இறங்கியதில்லை.